போயிட்டு வந்துடலாம்!

தமிழ்நாட்டில் உங்களுக்குப் பிடித்தது எது என்று வெளிநாட்டில் இருப்பவர்களைக் கேட்டால் பதில் உடனே வரும். துபாயில் இருப்பவருக்கு டீக்கடை பெஞ்சு. அமெரிக்காவில் இருப்பவருக்கு ராத்திரி பத்து மணிக்கும் கிடைக்கும் ரோட்டுக்கடை இட்லி. லண்டனில் இருப்பவருக்கு மார்கழி மாதத்து வாசல் கோலம்.

இங்கேயே இருப்பவர்களைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். கோயில் என்பார் ஒருவர், சாப்பாடு என்பார் இன்னொருவர், மொழி என்பார் மற்றொருவர். எல்லாமே உண்மைதான். ஆனால் ஒரு வார்த்தையை யாரும் பதிலாகச் சொல்வதில்லை. வீட்டுக்கு வீடு தினமும் புழங்கும் வார்த்தை அது. 'போயிட்டு வந்துடலாம்.'

"பெரியம்மாவுக்கு உடம்பு முடியலையாம்." "அதுக்கென்ன, காலையில போயிட்டு சாயங்காலம் வந்துடலாம்." 

"பொண்ணுக்கு ஹாஸ்டல்ல சேர்க்கணுமா?" "வேணாங்க, தினமும் பஸ்ல போயிட்டு வந்துடலாம்." 

"திருச்சியில முகூர்த்தம் ஆறு மணிக்கு." "ராத்திரி ஏறினா விடியறதுக்குள்ள போயிடலாம், மறுநாள் வேலைக்கும் வந்துடலாம்."

இந்த மாநிலத்தின் மேல் மக்களுக்கு இருக்கும் பிரியத்தில் பாதி இந்த ஒரு நம்பிக்கையில் இருக்கிறது. வாசலைத் தாண்டும்போது 'போறேன்' என்று சொல்லாமல் 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லும் ஊரில், போனால் திரும்பி வர வழி இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய நிம்மதி!

எல்லாம் ஒரே ஊரில் இல்லை

சில மாநிலங்களில் தலைநகரை விட்டால் வேறு பெரிய ஊர் இல்லை. நல்ல ஆஸ்பத்திரி, நல்ல கல்லூரி, வேலை என்று எதற்கும் அங்கேதான் போக வேண்டும். தமிழ்நாட்டில் அப்படியில்லை. கோவை, மதுரை, திருச்சி, சேலம், நெல்லை, ஈரோடு, வேலூர், தஞ்சாவூர் என்று ஒவ்வொரு திசைக்கும் ஒரு பெரிய ஊர் இருக்கிறது. அதைச் சுற்றிச் சின்ன ஊர்கள், அதைச் சுற்றிக் கிராமங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் 48 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் நகரங்களில் வசிக்கிறார்கள். பெரிய மாநிலங்களில் இதுதான் அதிகம்.

அதனால் கிராமத்தில் இருப்பவருக்கும் ஒரு டவுன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. காலையில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, பத்து மணி பஸ்ஸில் டவுனுக்குப் போய் உரம் வாங்கி, பாங்க்கில் கையெழுத்துப் போட்டு, பேத்திக்கு ஒரு பாக்கெட் காராசேவும் வாங்கிக்கொண்டு மாலைக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம்.

தூரம் அதிகமென்றால் ரயில். 1977 ஆகஸ்ட் 15-ல் ஓடத் தொடங்கிய வைகை எக்ஸ்பிரஸ், காலையில் மதுரையில் கிளம்பி மதியம் எழும்பூரில் இறக்கிவிட்டது. மதுரைக்காரர்களுக்குச் சென்னை பகல் பயணத்தில் போய்ச் சேரும் ஊரானது அப்போதுதான். மீட்டர் கேஜ் காலத்திலேயே அது அப்படி ஓடியது என்பதை வீட்டுப் பெரியவர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்.

சேரன், சோழன், பாண்டியன், பல்லவன்

ரயில் போகாத இடத்துக்கும் போவது பஸ்தான். 1972-ல் தனியார் பஸ்களில் ஒரு பகுதியை அரசு எடுத்துக்கொண்டு போக்குவரத்துக் கழகங்களைத் தொடங்கியது. சென்னைக்குப் பல்லவன், மதுரைக்குப் பாண்டியன், கோவைக்குச் சேரன், கும்பகோணத்துக்குச் சோழன். பின்னால் நெல்லைக்குக் கட்டபொம்மன், நீண்ட தூரத்துக்குத் திருவள்ளுவர். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் இன்றும் "சேரன் பஸ்ல வந்தேன்" என்று வாய்தவறிச் சொல்வது உண்டு.

அந்தப் பெயர்கள் ஏன் போயின என்பது இளைய தலைமுறைக்குத் தெரிய வேண்டும். 1997-ல் விருதுநகரைத் தலைமையிடமாக வைத்து ஒரு புதிய கழகம் தொடங்கப்பட்டது. கட்டபொம்மனோடு நின்று வெள்ளையரை எதிர்த்த வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. அவர் ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று சிலர் கிளம்பினார்கள். கலவரம் வெடித்தது, உயிர்களும் போயின. கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும், மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசே நீக்கியது.

யார் வேண்டுமானாலும் யார் பக்கத்திலும் உட்காரலாம் என்பதுதான் பஸ்ஸின் அழகு. ஒரு சீட்டில் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்து, தெரியாத குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு போகும் ஊர் இது. அதே ஊர்தான் ஒரு பெயருக்காக பஸ்ஸைக் கல்லால் அடித்தது. மாநிலத்தை நேசிக்கிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே நினைவில் வைத்திருப்பது நல்லது.

கணக்கில் வந்த 888 ரூபாய்

இன்று அரசுப் போக்குவரத்துக் கழகங்களிடம் சுமார் 20,000 பஸ்கள் இருக்கின்றன. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழு நடத்திய ஆய்வு சொன்னது.

வீட்டு வேலைக்குப் போகும் ஒரு அம்மாவுக்கு 888 ரூபாய் என்றால் என்ன என்பது பட்ஜெட் போடும் எல்லா அம்மாக்களுக்கும் தெரியும். ஒரு சிலிண்டருக்குப் பக்கத்தில் வரும் தொகை அது. பணத்தைவிடப் பெரியது ஒன்றும் உண்டு. முன்பெல்லாம் அம்மா வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் பஸ் காசுக்குக் கணவரிடம் கேட்க வேண்டும். "எதுக்கு? போன மாசம்தானே போனே?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இப்போது டவுன் பஸ் போகிற தூரத்தில் அம்மா வீடு இருந்தால் அந்தக் கேள்வி இல்லை. போயிட்டு வந்துடலாம்.

இதை 'ஓசி டிக்கெட்' என்று கேலி செய்பவர்களும் இருக்கிறார்கள். கூட்டமாகப் பெண்கள் நின்றால் நிறுத்தாமல் போகும் பஸ்களும் இருக்கின்றன. பூக்கூடையோடு ஓடிப்போய் பஸ்ஸைப் பிடிக்கும் பாட்டிக்கு அந்தக் கேலி புதிதில்லை. அவர் உழைப்பில்தான் டவுனில் பூவும் கீரையும் கிடைக்கின்றன என்பதை கேலி செய்பவர்கள்தான் மறந்துவிடுகிறார்கள்.

இந்தியாவில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் பெண்களில் பத்துக்கு நான்கு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். உயர்கல்வியிலும் அதே கதைதான். 2021-22 கணக்கின்படி கல்லூரிக்குப் போகும் வயதில் இருப்பவர்களின் சேர்க்கை விகிதம் நாட்டின் சராசரியாக 28.4 சதவீதம். தமிழ்நாட்டில் 47. பெண்பிள்ளையைத் தூர தேசத்துக்கு அனுப்பப் பயப்படும் குடும்பங்களும் படிக்க அனுப்பியதற்கு ஒரு காரணம், காலையில் போனவள் ஆறு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்பது. பள்ளிக்கு இலவச பஸ் பாஸ், பிளஸ் ஒன் படிக்கும்போது சைக்கிள். 1982-ல் தொடங்கிய சத்துணவும், 2022-ல் தொடங்கிய காலை உணவும் பிள்ளைகள் பசியோடு திரும்பி வராமல் பார்த்துக்கொண்டன.

போக முடியாத மலை

ஆனால் எல்லோராலும் 'போயிட்டு வந்துடலாம்' என்று சொல்ல முடியுமா?

2023 மே மாதம். வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் ஒரு குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலை சரியில்லாததால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரத் தாமதமாகி, குழந்தை இறந்தது. திரும்பி வரும்போது ஆம்புலன்ஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. அதற்குமேல் வண்டி போகப் பாதை இல்லை. குழந்தையின் உடலைக் கையில் சுமந்துகொண்டு அம்மா மலை ஏறினார்.

இதுவும் தமிழ்நாடுதான். 99 சதவீதத்துக்கு மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரியில் நடக்கும் மாநிலம் என்று தேசியக் குடும்பநல ஆய்வு சொல்லும் அதே தமிழ்நாடு. மீதி இருக்கும் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவர்களில் பலர் இப்படிப்பட்ட ஊர்களில்தான் இருப்பார்கள். சுதந்திரம் வாங்கி இத்தனை வருஷம் கழித்து, முதல்முறையாக ஒரு கிராமத்துக்கு பஸ் வந்தது, பெண்கள் ஆரத்தி எடுத்தார்கள், டிரைவருக்கு மாலை போட்டார்கள் என்ற செய்தி இன்னும் அவ்வப்போது வருகிறது. படிக்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும். நேற்று வரை அந்த ஊர்ப் பிள்ளைகள் எப்படிப் பள்ளிக்குப் போனார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

இன்னொரு கூட்டமும் மெல்லப் பெருகி வருகிறது. மக்கள்தொகையில் அறுபது வயதைத் தாண்டியவர்களின் பங்கு அதிகமாக இருக்கும் மாநிலங்களில் கேரளாவுக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. பிள்ளைகள் வெளிநாட்டிலோ வேறு மாநிலத்திலோ இருப்பார்கள். பஸ் வசதி இருக்கும், ஆனால் படி ஏற முழங்கால் ஒத்துழைக்காது. டிரைவர் ஒரு நிமிஷம் கூட நின்றால் போதும், கண்டக்டர் கை கொடுத்தால் போதும். பெருங்கூட்டத்தில் அந்த ஒரு நிமிஷம் கிடைக்காமல், 'நமக்கு எதுக்கு வம்பு' என்று வீட்டோடு இருந்துவிடும் தாத்தா பாட்டிகள் எத்தனையோ பேர்.

இவர்களுக்காகத்தான் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. போக முடியாதவர்களிடம் அரசு போயிட்டு வருகிறது. நல்ல திட்டம். ஆனால் மாத்திரை மட்டும் வந்தால் போதுமா? தங்கச்சி வீட்டுக்கும், சந்தைக்கும், திருவிழாவுக்கும் தானே போய் வர வேண்டும் என்ற ஆசை எழுபது வயதிலும் இருக்கத்தானே செய்யும்! சென்னையில் மூத்த குடிமக்களுக்கு மாதம் பத்து இலவச பஸ் டோக்கன் உண்டு. மற்ற ஊர்ப் பெரியவர்களும் அதை எதிர்பார்க்கிறார்கள். டோக்கனோடு, ஏறும் உயரத்தில் படியும் இருந்தால் இன்னும் நல்லது.

கேட்டால் கிடைக்கும்

இந்த மாநிலத்தில் மக்களுக்குப் பிடித்த எதுவும் தானாக வந்துவிடவில்லை. பள்ளிக்கூடம் வேண்டும் என்று யாரோ மனு கொடுத்திருக்கிறார்கள். பஸ் வேண்டும் என்று யாரோ ரோட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். பாலம் வேண்டும் என்று யாரோ கலெக்டர் ஆபீஸ் வாசலில் நாள்முழுக்க நின்றிருக்கிறார்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இருக்காது. அவர்கள் கேட்டு வாங்கிய பஸ்ஸில்தான் இன்று ஊரே போய் வருகிறது.

கேட்பதற்கு இப்போது வருஷத்தில் ஆறு நாட்கள் இருக்கின்றன. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்த நாட்களில் கிராம சபை கூடும். ஊரில் ஓட்டு இருக்கும் யாரும் போகலாம், பேசலாம். சாயங்காலம் கடைசி பஸ் நின்றுபோனது, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும் ரோடு குண்டும் குழியுமாக இருப்பது, பஸ் ஸ்டாப்பில் நிழல் இல்லாதது, பக்கத்துக் காலனிக்குள் பஸ் வராமல் மெயின் ரோட்டிலேயே திரும்பிவிடுவது என எதையும் தீர்மானமாக எழுதச் சொல்லலாம். பத்துப் பேர் போனால் ஒரு பேச்சாக முடியும். நூறு பேர் போனால் அது ஊரின் குரலாகும். பெண்கள் கூட்டமாகப் போனால் இன்னும் பலம்.

"அங்கே போய் என்ன ஆகப்போகுது?" என்று வீட்டில் யாராவது கேட்கலாம். அதற்கும் பதில் தயாராக இருக்கிறது. பக்கத்தில்தானே, ஒரு எட்டு போயிட்டு வந்துடலாம்.