கறிவேப்பிலையைச் சோதிக்கிறார்கள், சாப்பிடுகிறவரை யார் சோதிப்பது?
பொதுமக்களின் இரத்தத்தில் பூச்சிக்கொல்லி எச்சங்களை அளப்பது குறித்து எங்கள் நிலைப்பாடு

இந்தியாவிலிருந்து போகும் கறிவேப்பிலையில் பூச்சிமருந்து எச்சம் உண்டா என்று ஐரோப்பிய ஒன்றியம் தன் எல்லையிலேயே நிறுத்திச் சோதித்திருக்கிறது. அதே இலையை அன்றாடம் தாளித்துச் சாப்பிடும் நம்மூர்க்காரரின் உடம்பில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கேட்டால், எடுத்துக்காட்ட அரசிடம் தொடர்ச்சியான கணக்கு எதுவும் இல்லை. காய்கறியைச் சோதிக்கத் திட்டம் இருக்கிறது, மண்ணுக்கும் தண்ணீருக்கும் இருக்கிறது. மனிதருக்கு இல்லை.

மருத்துவர்களும் உழவர்களும் நுகர்வோரும் சேர்ந்து நடத்தும் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இதுதான்: தமிழ்நாட்டின் வயதுவந்த பொதுமக்களிடம், இரத்தத்திலும் சிறுநீரிலும் பூச்சிக்கொல்லி எச்சங்களை அளக்கும் ஆய்வை அரசு தன் செலவில், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, விடாமல் நடத்த வேண்டும். தனி ஆளிடம் காசு வாங்கிக்கொண்டு செய்யும் ‘நச்சுப் பரிசோதனை’யை நாங்கள் ஆதரிக்கவில்லை.

மருந்தடிப்பவரைச் சோதித்தால் போதாதா என்று எங்கள் கூட்டத்திலேயே கேட்டார்கள். (உயிரைக் காப்பதற்கும் எடுப்பதற்கும் நம் ஊர்களில் ‘மருந்து’ என்ற ஒரே சொல்தான்.) 1958இல் கேரளத்தில் பாரத்தியான் என்ற பூச்சிமருந்து கலந்துவிட்ட மாவைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்ததற்கு அந்தச் சாவுகள் முக்கியக் காரணம். இறந்தவர்கள் வயலில் தெளித்தவர்கள் அல்லர், சாப்பிட்டவர்கள். ஆனால் அந்தச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் மருத்துவப் பரிசோதனை என்று பேசுவது மருந்தைக் கையாளும் தொழிலாளரைப் பற்றி மட்டுமே. அவர்களுக்கே அது ஒழுங்காக நடப்பதில்லை என்பது வேறு கதை.

கேரளத்தின் காசர்கோட்டை நினைத்துப் பாருங்கள். முந்திரித் தோட்டங்கள் மேல் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் பூச்சிமருந்தைத் தெளித்தார்கள். பிள்ளைகள் ஊனத்தோடு பிறக்கிறார்கள் என்று ஊர் கதறிய பிறகுதான் இரத்தம் எடுத்தார்கள். எச்சம் இருக்கிறது என்றது ஓர் ஆய்வு, இல்லை என்றது அந்தத் தோட்டங்களை நடத்திய கழகத்தின் தரப்பு ஏற்பாடு செய்த ஆய்வு. எந்த ஆய்வகம் சரி என்ற வழக்காடலிலேயே ஆண்டுகள் போயின. உச்ச நீதிமன்றத்தின் தடை வந்தது 2011 மே மாதம். 2005இல் பஞ்சாப் கிராமங்களில் 20 பேரின் இரத்தத்தை அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் சோதித்தபோதும் சிக்கல் தீரவில்லை. ஒவ்வொருவர் உடம்பிலும் பல பூச்சிக்கொல்லிகள் கலந்து கிடந்தன. அது அதிகமா என்று ஒப்பிட அமெரிக்க எண்களைத்தான் எடுக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் நம் நாட்டின் சாதாரண ஆளுக்கு எவ்வளவு என்ற எண் நம்மிடம் இல்லை. அது இல்லாதவரை எந்தக் கிராமத்துக் கணக்கையும் மருந்துக் கம்பெனி ஒரே வாக்கியத்தில் தள்ளிவிடும்.

அமெரிக்கா தன் சாதாரண மக்களின் உடம்பில் உள்ள எச்சத்தை 1999 முதல் தொடர்ச்சியாக அளந்து வெளியிடுகிறது. ஜெர்மனி 1980களிலேயே தொடங்கிவிட்டது. டிடிடி பூச்சிக்கொல்லியை அமெரிக்கா 1972இல் தடை செய்தது. அதன் சிதைபொருளான டிடிஇ, பல பத்தாண்டுகள் கழித்தும் அந்த அளவீட்டில் பெரும்பாலானோர் இரத்தத்தில் தென்பட்டது. இந்தியாவில் விவசாயத்துக்கு டிடிடி தடையானது 1989இல். கொசு ஒழிப்புக்கு அதன் பிறகும் அடித்தோம். அப்படியானால் நம் இரத்தத்தில் எவ்வளவு இருக்கும், குறைந்துகொண்டு வருகிறதா? தடை என்பது காகிதத்தில் மட்டும்தானா என்பதை இந்த அளவுதான் காட்டிக்கொடுக்கும்.

ஆனால் இரத்தத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். டிடிடி போன்ற பழைய குளோரின் மருந்துகள் கொழுப்பில் ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் தங்கும். இரத்தத்தில் அவை சிக்கும், அதையும் இரத்தக் கொழுப்போடு சேர்த்துக் கணக்கிட்டால்தான் ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிட முடியும். இன்று கத்தரிக்கும் மிளகாய்க்கும் அடிக்கிற குளோர்பைரிபாஸ், சைபர்மெத்ரின் வகைகள் அப்படியல்ல. சில மணி நேரத்தில், மிஞ்சினால் சில நாளில் சிதைந்து சிறுநீரில் வெளியேறிவிடும். இரத்தத்தில் தேடி ‘எதுவும் இல்லை’ என்று அறிவித்தால் அது தேடிய இடத்தின் பிழை. சிறுநீரிலும் சிக்கல் உண்டு: அங்கே தெரியும் சிதைபொருள், காய்கறியிலேயே சிதைந்து கிடந்து வயிற்றுக்குள் போனதாகவும் இருக்கலாம். எங்கள் தரப்புக்கு இது பலவீனம்தான். மறைப்பதைவிடச் சொல்லிவிடுவது மேல்.

ஒருவர் உடம்பில் ஒரு பூச்சிக்கொல்லி இருப்பதாலேயே அவர் நோயாளி ஆகிவிடுவதில்லை. பெரும்பாலான எச்சங்களுக்கு ‘இதற்கு மேல் ஆபத்து’ என்று தனி ஆளுக்குக் கோடு போடும் அளவு இன்னும் இல்லை. அதனால்தான் தனியார் பரிசோதனையை எதிர்க்கிறோம். பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் அறிக்கையை வைத்துக்கொண்டு குடும்ப மருத்துவரால் செய்யக்கூடியது ஏதுமில்லை. அந்தப் பயத்தில் காசு பார்ப்பது நச்சு நீக்கும் பொடி விற்பவர்தான். ஆயிரக்கணக்கானோரின் அளவை மாவட்டம், வயது, தொழில் வாரியாக அடுக்கினால்தான் எங்கே மருந்து மிதமிஞ்சிப் போகிறது, எதைத் தடை செய்ய வேண்டும் என்பது தெரியும்.

நடத்துவது முடியாத காரியம் அல்ல. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடுவீடாகப் போய்ச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். அந்த ஏற்பாட்டைப் பயன்படுத்தலாம், அதன் நோயாளிப் பட்டியலிலிருந்து ஆள் எடுக்கக் கூடாது. குலுக்கல் முறையில்தான் எடுக்க வேண்டும், நகரத்தில் கடையில் வாங்கிச் சாப்பிடுகிறவர்களும் அதில் வர வேண்டும். ஒருவர் தந்த மாதிரியை இரண்டு ஆய்வகங்கள் தனித்தனியே சோதிக்க வேண்டும். ஒரு பகுதியை ஆழ்குளிரில் பாதுகாத்தால், நாளைக்கு ஆபத்து என்று தெரியவரும் மருந்தை இன்றைய இரத்தத்தில் தேட முடியும். முடிவுகளை மாவட்ட வாரியாகத் தமிழில் வெளியிட வேண்டும், மாதிரி கொடுத்தவர் விரும்பினால் அவர் அளவை விளக்கத்தோடு அவரிடமே தர வேண்டும்.

இந்த எண்களை வைத்து எந்த உழவர் மீதும் வழக்கோ அபராதமோ போடக் கூடாது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. பெரும்பாலும் கடைக்காரர் சொன்னதைத்தான் அவர் அடிக்கிறார். முதலில் அதை மூச்சில் இழுப்பவரும் அவரே.

சுகாதாரத் துறையும் வேளாண் துறையும் சேர்ந்து, முதல் சுற்றைக் குறைந்தது நான்கு மாவட்டங்களிலாவது தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். மக்களிடமும் ஒரு வேண்டுகோள்: யாராவது இரத்தம் கேட்டு வந்தால், எதற்கு எடுக்கிறீர்கள், முடிவை எப்போது எங்களுக்குச் சொல்வீர்கள் என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டுங்கள்.