சேத்ரியும் அவர் அபிமானிகளும்

கல்கத்தா நகரம் கால்பந்துக்காக நிலைகொள்ளாமல் போவது புதிதன்று. 1911-ம் வருஷம் ஜூலை மாதம் 29-ந் தேதி மோகன் பகான் கோஷ்டியார் ஈஸ்ட் யார்க்ஷயர் பட்டாளத்தாரை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்று ஐ. எப். ஏ. கேடயத்தைக் கைப்பற்றினார்கள். அவர்கள் பதினொருவரில் பதின்மர் வெறுங்காலுடன் ஆடியவர்கள். பூட்ஸ் அணிந்த சிப்பாய்களை வெறுங்கால்கள் வென்ற அந்த மாலையில், அடிமைப்பட்டுக் கிடந்த ஒரு ஜன சமூகம் தன் பலத்தைத் தானே கண்டு வியந்தது. அதே நகரத்தில் 2024-ம் வருஷம் ஜூன் மாதம் 6-ந் தேதி மாலை, ஸால்ட் லேக் மைதானத்தில் சுமார் 59,000 ஜனங்கள் கூடினார்கள். அன்று இந்தியாவும் குவெய்த்தும் ஆடிய உலகக் கிண்ணத் தகுதிப் பந்தயம் கோல் எதுவுமின்றி முடிந்தது. ஜனங்களோ எழுந்து போகவில்லை. ஸ்ரீ சுனில் சேத்ரி கைகூப்பிய வண்ணம் மைதானத்தைச் சுற்றி வந்தார். சகாக்கள் வரிசையாக நின்று மரியாதை செய்தார்கள். அவர் கண்ணீர் விட்டார். காலரிகளில் இருந்தவர்களும் கண்ணீர் விட்டார்கள். பதினோராம் நம்பர் சட்டை அணிந்த சிறுவர்கள் தகப்பன்மார் தோளில் ஏறி நின்று அவர் பெயரைக் கூவினார்கள்.

இதைக் கண்டு பரிகசிப்பவர்கள் உண்டு. ஒரு பந்தாட்டக்காரர் ஆட்டத்தை விட்டதற்கு இத்தனை அமர்க்களமா என்று கேட்கிறார்கள். நாம் அந்தக் கட்சியைச் சேர்ந்தவர்கள் அல்லோம். ஒரு ராணுவ ஊழியரின் புதல்வராக 1984-ல் செகந்திராபாத்தில் பிறந்து, 2002-ல் மோகன் பகானில் சேர்ந்து, 2005-ம் வருஷம் ஜூன் மாதம் 12-ந் தேதி குவெட்டா நகரில் பாகிஸ்தானுக்கு எதிராகத் தமது முதல் சர்வதேசப் பந்தயத்தை ஆடி, அதிலேயே முதல் கோலையும் அடித்தவர் சேத்ரி. அன்று தொடங்கி கல்கத்தாவில் விடைபெற்ற நாள் வரையில் அவர் தேசத்துக்காக ஆடிய பந்தயங்கள் 151. அடித்த கோல்கள் 94. அவர் விலகிய சமயத்தில், ஆடிக்கொண்டிருந்தவர்களில் அவரைவிட அதிகமான சர்வதேச கோல்கள் அடித்தவர்கள் போர்ச்சுகலின் ரொனால்டோவும் அர்ஜென்டினாவின் மெஸ்ஸியுமே. அந்த கோல்களில் பல, பலம் குறைந்த அண்டை தேசங்களுக்கு எதிராக அடிக்கப்பட்டவை என்று சிலர் சொல்வது மெய்தான். நமது கோஷ்டிக்கு வாய்த்த எதிரிகள் அவர்களே. 2008-ல் டில்லியில் தஜிகிஸ்தானுக்கு எதிரான இறுதிப் பந்தயத்தில் மூன்று கோல்கள் அடித்து, 2011-ம் வருஷத்து ஆசியக் கிண்ணத்துக்கு இந்தியா செல்ல வழி திறந்தவரும், 2019-ல் அபுதாபியில் தாய்லாந்துக்கு எதிராக இரண்டு கோல்கள் அடித்தவரும் அவரே என்பதையும் அந்தக் கணக்கர்கள் சேர்த்து எழுதிக்கொள்ளட்டும்.

ஆகவே அபிமானிகளின் அன்பு அபாத்திரத்தில் இடப்பட்டதன்று. அந்த அன்பின் குணம் என்ன என்பதே விசாரிக்க வேண்டிய விஷயம். சாட்சி அழுவதனால் அவன் சாட்சியம் பொய்யாகி விடாது, மெய்யாகியும் விடாது என்பது நியாயஸ்தலங்களில் பழகியவர்கள் அறிந்ததே. குறுக்கு விசாரணை அவசியம்.

2018-ம் வருஷம் ஜூன் மாதம் முதல் தேதியன்று பம்பாய் நகரில் இந்தியா சீன தைப்பேயை ஐந்துக்குப் பூஜ்யம் என்று தோற்கடித்தது. சேத்ரி மூன்று கோல்கள் அடித்தார். கோடிக்கணக்கான ஜனங்கள் வசிக்கும் அந்தப் பட்டணத்தில் அதைப் பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். மறுநாள் அவர் ஒரு சலனப் படத்தின் மூலம் ஜனங்களிடம் விண்ணப்பம் செய்துகொண்டார். எங்களைத் திட்டுவதானாலும் மைதானத்துக்கு வந்து திட்டுங்கள் என்ற பொருள்பட அவர் பேசினார். ஒரு தேசத்துக் கோஷ்டியின் கேப்டன், கோல் அடித்த கையோடு, தம்மைப் பார்க்க வருமாறு பார்வையாளரைக் கெஞ்ச நேர்ந்தது. மூன்று நாள் கழித்து கென்யாவுக்கு எதிராக நடந்த பந்தயத்தில், அவருடைய நூறாவது பந்தயத்தில், மைதானம் நிரம்பிவிட்டது. அந்த வெற்றியை நாம் எல்லோரும் கொண்டாடினோம். ஆனால் அது எதை நிரூபித்தது? சேத்ரி அழைத்தால் ஜனங்கள் வருவார்கள் என்பதை நிரூபித்தது. அழைக்க அவர் இல்லாவிட்டால் வருவார்களா என்ற கேள்வியை ஒருவரும் அன்று எழுப்பவில்லை.

அரசியல் தொண்டில் ஈடுபட்டிருக்கும் நமது அன்பர்களுக்கு இது அந்நியமான சங்கதியன்று. தலைவர் பேசும் கூட்டத்துக்கு ஜனசமுத்திரம். கிளைக் கமிட்டி கூடும் தினத்தில் கோரம் சேராது. தலைவர் மறைந்த மறுநாள் ஊர்தோறும் படம் வைத்து மாலை போடுவோம். அவர் தொடங்கிய வாசகசாலையின் கூரை ஒழுகுவதைப் பார்க்க ஒருவரும் போகமாட்டோம். இந்த வியாதி கால்பந்து மைதானத்தில் பிறந்ததன்று. நாம் அங்கேயும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஸ்ரீ ஐ. எம். விஜயன் ஆடிய காலத்திலேயே ஸ்ரீ பைச்சுங் பூட்டியா தலையெடுத்துவிட்டார். பூட்டியா ஆடிய காலத்திலேயே சேத்ரி வந்துவிட்டார். 2008-ம் வருஷத்து இறுதிப் பந்தயத்தில் இருவரும் கோல் அடித்தார்கள். 2011-ல் பூட்டியா ஓய்வு பெற்று, 2012 ஜனவரியில் ஜெர்மனியின் பாயர்ன் மியூனிக் கோஷ்டிக்கு எதிரான பந்தயத்தில் விடைபெற்றபோது அபிமானிகள் வருந்தினார்கள், பயப்படவில்லை. மூத்த சகோதரன் வீட்டை விட்டுப் போனாலும் இளையவன் இருக்கிறான் என்ற தைரியம் இருந்தது. கல்கத்தாவில் சேத்ரி விடைபெற்ற தினத்தில் அவருடன் களத்தில் நின்ற சகாக்களில், தேசத்துக்காகப் பத்து கோல் அடித்தவர் ஒருவர்கூட இல்லை. அன்றைய கண்ணீரில் அன்பு பாதி என்றால் திகில் பாதி.

இளையவன் ஏன் வளரவில்லை? தேசத்தில் வாலிபர்களுக்குப் பஞ்சமில்லை. மிஜோராமிலும் மணிப்பூரிலும் கேரளத்திலும் கோவாவிலும் வங்காளத்திலும் பந்தை உதைக்காத தெரு அபூர்வம். ஆனால் 2014-ல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக்கில் கிளப்புகள் என்ன செய்தன என்று பார்க்க வேண்டும். பணம் போட்டவர்களுக்கு உடனே கோல் வேண்டும்; கோல் அடிக்க அந்நிய தேசத்திலிருந்து ஒரு ஆட்டக்காரரைக் கூலிக்கு அமர்த்துவது சுலபம். 2021-22 முதல் களத்தில் ஒரே சமயத்தில் நான்கு அந்நியர்கள் ஆடலாம் என்பது விதி. அதற்கு முன் அவர்கள் தொகை இன்னும் அதிகம். அந்த நால்வரில் ஒருவர், பெரும்பாலும், முன்னணியின் நடுவில் நிற்பார். இந்திய வாலிபன் பக்கவாட்டுக்குப் போவான். பந்தைக் கொண்டுபோய் அந்நியர் காலில் கொடுத்துவிட்டுத் திரும்புவான். கோல் அடிப்பது ஒரு பழக்கம். வாரந்தோறும் கோலுக்கு எதிரே நின்று, தவறவிட்டு, திட்டு வாங்கி, மறு வாரம் மீண்டும் நின்றால்தான் அது கைவரும். தவறவிடும் உரிமையை நமது வாலிபர்களுக்கு நமது கிளப்புகள் கொடுக்கவில்லை. சேத்ரியே தமது கிளப்புக்காகப் பல வருஷங்கள் பக்கவாட்டில் ஆடியவர் என்பது இந்த வழக்கில் சிறிய சாட்சியம் அன்று.

கல்கத்தாவில் கண்ணீர் உலர்வதற்கு முன்பே பலன் தெரிந்துவிட்டது. ஐந்து நாள் கழித்து தோஹாவில் சாங்டே அடித்த கோலால் இந்தியா கத்தாருக்கு எதிராக முன்னணியில் நின்றது. பிறகு கோட்டைத் தாண்டி வெளியே சென்ற பந்தை உள்ளே இழுத்து அடித்த கோலை நடுவர் ஒப்புக்கொண்டார். இரண்டுக்கு ஒன்று என்று தோல்வி. அந்த அநீதியை நாம் மறைக்கவில்லை. ஆயினும் ஒரு நடுவரின் பிழையே நமது கதியைத் தீர்மானித்தது என்று சொல்லி சம்மேளனத்தார் தப்பித்துக்கொள்ள முடியாது. பயிற்சியாளர் ஸ்டிமாச் அதே மாதத்தில் நீக்கப்பட்டார். ஜூலையில் மார்க்கெஸ் நியமிக்கப்பட்டார். 2024-ம் வருஷம் முழுவதும் இந்தியா ஆடிய பதினொரு பந்தயங்களில் ஒன்றில்கூட ஜயமில்லை.

பிறகு நடந்ததுதான் நம்மைப் பெரிதும் உறுத்துகிறது. 2025 மார்ச்சில், நாற்பது வயதான சேத்ரியை மீண்டும் வரவழைத்தார்கள். அவர் வந்தார். ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராகத் தமது 95-வது கோலையும் அடித்தார். அபிமானிகள் குதூகலித்தார்கள். அவர் வந்ததைக் குறை கூறுவதற்கில்லை; அந்த வருஷத்து லீக்கில் இந்திய ஆட்டக்காரர்களில் அதிக கோல் அடித்தவர் அவரே. தகுதி அவரிடம் இருந்தது. வெட்கம் அழைத்தவர்களைச் சேர வேண்டும். பென்ஷன் பெற்ற உபாத்தியாயரை மறுபடி வகுப்புக்கு அழைத்து வந்து, பையன்கள் பாஸ் செய்துவிட்டார்கள் என்று பெருமை பேசும் பள்ளிக்கூட நிர்வாகியை நாம் என்னவென்று சொல்வோம்? அந்தக் குதூகலத்தில், அவரை அழைக்க நேர்ந்த காரணத்தைப் பற்றி அபிமானிகளில் மிகச் சிலரே கேட்டார்கள். சில நாட்களில் பங்களாதேஷுக்கு எதிராக கோலின்றி டிரா. ஜூனில் ஹாங்காங்கிடம் தோல்வி. அக்டோபர் 14-ந் தேதி மட்காவில் சிங்கப்பூரிடம் இரண்டுக்கு ஒன்று என்று தோல்வி. 2027-ம் வருஷத்து ஆசியக் கிண்ணத்தின் கதவு அத்துடன் மூடியது. 2023 ஜூலையில் உலக வரிசையில் 99-வது இடத்தில் இருந்த தேசம் 2025 ஜூலையில் 133-க்கு இறங்கியிருந்தது.

2025 நவம்பரில் சேத்ரி இரண்டாம் முறையாகச் சர்வதேச ஆட்டத்திலிருந்து விலகினார். விடைபெறும் பந்தயம் இல்லை. சகாக்களின் வரிசை இல்லை. 59,000 ஜனங்கள் இல்லை. அதே மனிதர், அதே தொண்டு, ஒரு கோல் கூடுதலாகவும் அடித்திருந்தார். முதல் முறை அழுதவர்கள் இரண்டாம் முறை எங்கே போனார்கள்? தோற்ற கோஷ்டியின் கேப்டனாகப் போகிறவரை வழியனுப்ப ஆள் கிடைப்பதில்லை என்ற பதிலை ஒப்புக்கொள்ள நமக்கு மனமில்லை. நாம் நினைப்பது வேறு. அவரை முழுவதும் அழுது தீர்த்துவிட்டோம் என்று ஜனங்கள் கருதியிருக்கலாம். ஒரு மாலையில் செலவழித்துத் தீர்க்கக்கூடிய அபிமானம் எத்தகையது?

சம்மேளனத்தாரின் யோக்கியதையைப் பற்றி இங்கே விஸ்தரிக்க இடமில்லை. 2022 ஆகஸ்டில் பதினோரு நாட்கள் சர்வதேச சம்மேளனம் நமது சம்மேளனத்தைத் தள்ளி வைத்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2025 ஜூலையில், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததனால் லீக் நடத்தும் கம்பெனியார் அடுத்த பருவத்தையே நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் சில கிளப்புகள் ஆட்டக்காரர்களின் சம்பளத்தை நிறுத்தின. சேத்ரியின் பெங்களூர் கிளப்பும் அவற்றில் ஒன்று. 94 கோல்களுக்கு மாலை போட்ட தேசம், அந்த கோல்களை அடித்தவரின் கிளப்பில் மாதச் சம்பளம் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தது. நமது பிரதேசத்தின் யோக்கியதையும் உயர்ந்ததன்று. 2018-19-ல் ஐ-லீக் பட்டம் வென்ற சென்னை சிட்டி கிளப் 2020-21-க்குப் பிறகு அந்தப் பந்தயத்திலேயே இல்லை. அதற்காக மௌண்ட் ரோட்டில் ஒரு ஊர்வலம் போனதாக நமக்கு ஞாபகமில்லை.

அபிமானிகளுக்கு அதிகாரம் ஏதுமில்லை என்று சொல்வது சோம்பேறிகளின் வாதம். இங்கிலாந்தில் 2021 ஏப்ரலில், ஐரோப்பாவின் பன்னிரண்டு பணக்காரக் கிளப்புகள் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு தனி லீக் ஏற்படுத்தப்போவதாக அறிவித்தன. அவற்றில் ஆறு இங்கிலீஷ் கிளப்புகள். அந்த ஆறு கிளப்புகளின் அபிமானிகளே தெருவில் இறங்கினார்கள். அறிவிப்பு வெளிவந்து மூன்று தினங்கள் முடிவதற்குள் ஆறும் பின்வாங்கின. தங்கள் கிளப்பின் வெற்றியைக் கொண்டாடும் அதே வாயால் தங்கள் கிளப்பின் முதலாளியைக் கண்டிக்கவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நமது அபிமானிகள் கேட்க வேண்டியவை அதைவிட எளியவை: லீக்கில் முன்னணியின் நடுவில் இந்திய வாலிபர்களை ஆடவிடும்படி விதி செய்ய வேண்டும், ஆட்டக்காரரின் சம்பளம் தவணை தவறினால் கிளப்புக்குத் தண்டனை வேண்டும், சம்மேளனத்தின் வரவு செலவுக் கணக்கைச் சாமானியன் படித்தறியும் பாஷையில் வருஷந்தோறும் பிரசுரிக்க வேண்டும்.

இவற்றைக் கேட்பதற்கு முன் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. மாவட்ட லீக் பந்தயங்கள் பல ஊர்களில் சாயங்கால வேளையில் நடக்கின்றன. கோலுக்கு எதிரே நின்று தவறவிடும் பதினாறு வயதுப் பையன்கள் அங்கே இருக்கிறார்கள். பல இடங்களில் டிக்கெட்டும் கிடையாது.