வருகிற நோயும் இருக்கிற நோயும்

தமிழில் நோய்கள் பெரும்பாலும் இரண்டு வினைச்சொற்களில் ஒன்றோடு சேர்ந்தே பேசப்படுகின்றன. 'அவருக்குச் சர்க்கரை இருக்கிறது', 'இரத்தக் கொதிப்பு இருக்கிறது' என்பது ஒரு வகை. 'காய்ச்சல் வந்தது', 'வலிப்பு வந்தது' என்பது மற்றொரு வகை. முன்னது நிலையைக் குறிக்கிறது. பின்னது நிகழ்வைக் குறிக்கிறது. ஆஸ்துமா இவ்விரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட நோய். மருத்துவ நூல்களில் அது நிலை: மூச்சுக்குழல்களின் உட்சுவரில் நாட்பட நீடிக்கும் அழற்சி. பேச்சு வழக்கிலோ அது நிகழ்வு. இழுப்பு வந்தது, இரைப்பு வந்தது. இப்போது எல்லோர் வாயிலும் 'வீசிங் வந்தது'. ஆஸ்துமா என்ற சொல்லைக் கேட்டதும் பெற்றோரின் முகம் வாடிவிடும், திருமணப் பேச்சு நின்றுபோகும் என்ற தயக்கத்தால் மருத்துவர்களிலேயே பலர் 'வீசிங்' என்றோ 'அலர்ஜிக் பிராங்கைட்டிஸ்' என்றோ எழுதிக் கொடுக்கிறார்கள். நன்னூலார் தகுதி வழக்கில் வைத்த மங்கலம் இன்றைய மருந்துச்சீட்டிலும் உயிரோடு இருக்கிறது.

இந்த மங்கலத்துக்கு விலை உண்டு. வந்துபோகும் ஒன்றுக்கு, வந்தபோது மருந்து எடுத்தால் போதும். இருக்கும் ஒன்றுக்கோ அது வெளியே தெரியாத நாளிலும் மருந்து வேண்டும். சர்க்கரை நோயாளி எவரும் மயங்கி விழுந்த அன்று மட்டும் மாத்திரை விழுங்குவதில்லை. ஆஸ்துமா உள்ளவர்களில் பெரும்பகுதியினர் செய்வது ஏறத்தாழ அதுதான். 2019ஆம் ஆண்டின் உலக நோய்ச்சுமை மதிப்பீட்டின்படி இந்தியாவில் சுமார் 3.4 கோடிப் பேருக்கு ஆஸ்துமா உள்ளது. உலக அளவில் இது ஏறத்தாழ 13 விழுக்காடு. ஆனால் ஆஸ்துமாவால் உலகில் நேரும் இறப்புகளில் இந்தியாவின் பங்கு 40 விழுக்காட்டைத் தாண்டுகிறது. இந்த இடைவெளிக்குக் காற்று, வறுமை, மருத்துவம் எட்டாமை எனக் காரணங்கள் பல. அழற்சியைத் தணிக்கும் மருந்தைத் தொடாமல், குழலை விரிக்கும் மருந்தை மட்டும் நம்பிக் காலம் தள்ளுவது அவற்றுள் முக்கியமான ஒன்று.

சால்பியூட்டமால் இன்ஹேலர் சில நிமிடங்களில் மூச்சைத் திறந்துவிடுகிறது. அதனால்தான் 'அஸ்தாலின்' என்ற வணிகப் பெயரே நம் ஊர்களில் பொதுப்பெயர் ஆகிவிட்டது. ஆனால் அது அழற்சியைத் தொடுவதில்லை. ஜினா எனச் சுருக்கி அழைக்கப்படும் உலக ஆஸ்துமா அமைப்பு 2019இல் தன் வழிகாட்டுதலை மாற்றியது. வளரிளம் பருவத்தினருக்கும் பெரியவர்களுக்கும் இத்தகைய குறுகிய நேர விரிப்பானை மட்டும் தனியே கொடுப்பதை அது இப்போது பரிந்துரைப்பதில்லை. எவ்வளவு லேசான ஆஸ்துமா என்றாலும் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு ஏதேனும் ஒரு வடிவில் உடன் இருக்க வேண்டும் என்கிறது. ஆண்டுக்கு மூன்றோ அதற்கு மேலோ விரிப்பான் குப்பிகள் தீர்ந்தால் கடும் தாக்குதலுக்கான வாய்ப்புக் கூடுகிறது. பன்னிரண்டு தீர்ந்தால் இறப்புக்கான வாய்ப்பும் கூடுகிறது. ஒரு குப்பியில் வழக்கமாக இருப்பது 200 அழுத்தங்கள். விடுதி அறையின் மேசை இழுப்பறையில் கிடக்கும் காலிக் குப்பிகளை எண்ணிப் பார்ப்பதற்கு ஆய்வு முறையியல் எதுவும் தேவையில்லை.

'ஸ்டீராய்டு' என்றதும் எழும் அச்சம் தனி அத்தியாயத்துக்கு உரியது. 'இன்ஹேலர் போட்டால் பழகிவிடும்' என்பார்கள். தினமும் எடுக்கும் புடசொனைடின் குறைந்த அளவு 200 மைக்ரோகிராம் என்ற அளவில்தான் தொடங்குகிறது. அதைத் தவிர்த்தவர் கடும் தாக்குதலில் மருத்துவமனைக்குப் போனால், நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வீதம் ஐந்து நாள் பிரெட்னிசொலோன் மாத்திரை கொடுப்பது வழக்கம். எடைக்கணக்கில் மட்டும் பார்த்தால், ஐந்து நாள் மாத்திரை ஆயிரம் நாள் இன்ஹேலருக்குச் சமம். இரண்டும் வேறு மருந்துகள், வீரியமும் வேறு என்பதால் இக்கணக்கை அப்படியே மருத்துவ உண்மையாகக் கொள்ளலாகாது. ஆயினும் மாத்திரை குருதி வழியே உடல் முழுதும் போகிறது, இன்ஹேலர் பெரும்பாலும் நுரையீரலோடு நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அஞ்ச வேண்டியது எதற்கு என்பது விளங்கும். இன்ஹேலரின் தொல்லைகள் சிறியவை: குரல் கரகரக்கும், வாயில் வெண்பூஞ்சை படியலாம். இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பினால் பெருமளவு குறையும். வகுப்பெடுப்பவர்களும் ஒலியியல் பதிவுக்குத் தம் குரலையே பயன்படுத்துபவர்களும் இந்தக் கொப்பளிப்பை மறக்காமல் இருப்பது நல்லது.

நோயை நிகழ்வாகக் காணும் மனப்பாங்கு ஆய்வு மாணவரிடம் இன்னும் இறுகிவிடுவதற்குக் காரணம், அவருடைய வாழ்வே நிகழ்வுகளால் ஆனது என்பதுதான். உதவித்தொகைப் புதுப்பிப்பு, ஆய்வு ஆலோசனைக் குழுக் கூட்டம், கருத்தரங்கச் சுருக்கத்துக்குக் கடைசி நாள், ஆய்வுச் சுருக்கம் ஒப்படைப்பு. இவற்றுக்கு இடையிலுள்ள நாட்கள் நாட்காட்டியில் வெறுமையாகத் தெரிகின்றன. தினமும் இருவேளை மருந்து என்பது அந்த வெறுமையில் நிகழ வேண்டிய வேலை. அதற்குக் கெடு இல்லை. ஒருநாள் தவறினால் எவரும் மின்னஞ்சல் அனுப்புவதில்லை. ஆகவே அதுவே முதலில் விழுகிறது. அழற்சி உடனே பழிவாங்குவதும் இல்லை. மருந்து நின்று சில வாரங்கள் கழித்து, ஒரு சளியோ ஒரு குளிரோ வரும்போது மொத்தமாகக் கணக்குத் தீர்க்கிறது. அப்போது ஆய்வு மாணவர் குற்றம் சுமத்துவது அந்தச் சளியின் மேல்.

பணமும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 சனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். நெட் உதவித்தொகை கிட்டாமல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவருக்குக் கிடைப்பது 8,000. முன்னவருக்கு மாதம் சில நூறு ரூபாய் மருந்து ஒரு பொருட்டில்லை. பின்னவருக்கு அது உணவுவிடுதிக் கட்டணத்தோடு போட்டியிடும் செலவு. இவர்கள் இருவரிடமும் 'உடல்நலத்துக்கு முன்னுரிமை கொடு' என்று ஒரே குரலில் சொல்வது எளிது.

ஆஸ்துமா தனியாக வருவதும் அரிது. ஒவ்வாமை மூக்கடைப்பு, நெஞ்செரிச்சல், ஒற்றைத் தலைவலி, முதுகுவலி, தூக்கமின்மை, பதற்றம் என்று ஒரு குடும்பமே கூட வருகிறது. இங்கேதான் முன்னுரிமை என்ற சொல் உண்மையான பொருள் பெறுகிறது. நலவாழ்வு அறிவுரைகள் நடைப்பயிற்சி, யோகம், எட்டு மணி நேரத் தூக்கம், காய்கறி, மன அமைதி ஆகிய எல்லாவற்றையும் முதலிடத்தில் வைக்கின்றன. எல்லாம் முதல் என்றால் எதுவும் முதல் இல்லை. அதிகம் வலிப்பதை முதலில் கவனிப்பது இயல்பான வரிசை; ஆனால் அதுவே பல வேளைகளில் தவறான வரிசை. எந்த நோயின் மருந்து எந்த நோயைக் கிளறுகிறது என்பதை வைத்தே வரிசை அமைய வேண்டும்.

ஒரு சங்கிலியைப் பார்க்கலாம். சால்பியூட்டமால் மிகுந்தால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். கருத்தரங்க மேடையேறும் முன் வரும் பதற்றமும் அதே குறிகளைக் காட்டும். படபடப்புக்கும் ஒற்றைத் தலைவலித் தடுப்புக்கும் பரவலாகக் கொடுக்கப்படும் மருந்து புரொப்ரனலால். அது மூச்சுக்குழலை இறுக்கக் கூடியது. ஆஸ்துமா உள்ளவருக்கு ஆகாதது. சால்பியூட்டமால் திறக்க முயலும் அதே கதவை அது சாத்துகிறது. நாள் முழுதும் மடிக்கணினி முன் குனிந்திருந்த முதுகுக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவையும் சிலருக்குக் கடும் இரைப்பைத் தூண்டுகின்றன; மூக்கில் சதை வளர்ந்தவர்களிடம் இது கூடுதல். பழைய பழக்கமாக இன்றும் எழுதப்படும் தியோஃபிலின் வகை மாத்திரைகள் இரைப்பையின் மேல்வாயைத் தளர்த்தி, அமிலத்தை மேலே ஏற விடுகின்றன. இரவில் ஏறும் அமிலம் இருமலாகி, இருமல் தூக்கத்தைக் கெடுக்கிறது. தூக்கம் கெட்டவர் காலையில் மூன்று காப்பி குடிக்கிறார், நெஞ்செரிச்சல் கூடுகிறது.

இச்சங்கிலியில் எந்த மருத்துவரும் தனியே தவறு செய்யவில்லை. தலைவலிக்குப் போன இடத்தில் தலைவலி மட்டும் பேசப்பட்டது. 'எப்போதாவது வீசிங் வரும், இப்போது இல்லை' என்று நோயாளி சொல்லியிருப்பார், அல்லது சொல்லியே இருக்கமாட்டார். நிகழ்வாகக் கருதியதால் நேரும் விடுபடல் இது. 'எனக்கு ஆஸ்துமா இருக்கிறது' என்ற வாக்கியம் பல் மருத்துவரிடமும் கண் மருத்துவரிடமும் கூட முதல் வாக்கியமாக இருக்க வேண்டும். கண்நீர் அழுத்தத்துக்கு விடும் டிமொலால் சொட்டு மருந்தும் புரொப்ரனலாலின் இனத்தைச் சேர்ந்ததே என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். ஆக வரிசை ஏறத்தாழ இப்படி அமைகிறது: அன்றாடத் தடுப்பு மருந்து முதலில், மற்ற மருந்துகளை அதன் கண்ணால் சரிபார்ப்பது அடுத்து, பிறகு மூக்கு, அதற்குப் பிறகே மற்றவை. மூக்கை இவ்வளவு முன்னே வைப்பதற்குக் காரணம், மூக்கும் மூச்சுக்குழலும் ஒரே பாதை என்பதுதான். மேலே அடைத்திருக்கும்போது கீழே மட்டும் சீராக இருப்பதில்லை.

மானுடவியல், மொழியியல், வரலாறு ஆகிய துறைகளில் இயங்குபவர்களுக்குப் பணியிடமே ஒரு தூண்டுகோல். பழைய இதழ்க்கட்டுகளின் தூசி, மழைக்காலத்தில் நூலகச் சுவரில் படரும் பூஞ்சை, ஓலைச்சுவடிகளைக் காக்கத் தடவும் புல்லெண்ணெயின் நெடி. கள ஆய்வில் நல்ல தகவலாளி பெரும்பாலும் வீட்டில் மூத்தவர்; அவர் மனம்விட்டுப் பேசும் இடம் பல ஊர்களில் அடுப்பங்கரை; அடுப்பில் எரிவது விறகு. பதிவுக் கருவியை நகர்த்திக்கொண்டு முற்றத்துக்குப் போகலாம் என்று கேட்பதைப் பல ஆய்வாளர்கள் தகவலாளிக்குச் செய்யும் அவமதிப்பாக எண்ணுகிறார்கள். உண்மையில் அந்தப் புகையை நாற்பது ஆண்டுகளாக மூச்சில் வாங்கியவர் எதிரே அமர்ந்திருப்பவர்தான். அவருக்கும் முற்றம் நல்லது, ஒலிப்பதிவுக்கும் நல்லது.

தில்லியில் ஆய்வு செய்யும் தமிழ் மாணவர்களுக்கு இன்னொரு பாடம் உண்டு. இந்தியில் ஆஸ்துமாவுக்குத் 'தமா' என்று பெயர். 'தம்' என்றால் மூச்சு. தமா மூச்சோடுதான் போகும் என்று வடக்கே ஒரு பழமொழி வழங்குகிறது. அவநம்பிக்கை தொனித்தாலும், இழுப்பு 'வந்தது' என்னும் தமிழ் வழக்கைவிட அது நோயின் இயல்பைச் சரியாக அறிந்திருக்கிறது. அதற்கு நேர் எதிர்முனை ஐதராபாத்தில் உள்ளது. ஆண்டுதோறும் சூன் தொடக்கத்தில் மிருகசிரக் கார்த்தியன்று நாம்பள்ளிக் கண்காட்சித் திடலில் பத்தினி குடும்பத்தார் உயிருள்ள சிறு விரால் மீனின் வாயில் மூலிகைக் களிம்பை வைத்து விழுங்கத் தருகிறார்கள். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நிற்கிறார்கள். இதன் பயனுக்கு ஏற்கத்தக்க அறிவியல் சான்று இல்லை. ஆனால் ஆண்டுக்கு ஒரு நாள் என்ற அந்த ஏற்பாட்டின் கவர்ச்சி புரிந்துகொள்ளக் கூடியதே. மீதி 364 நாளும் நோயாளியாக இருக்க வேண்டியதில்லை என்ற வாக்குறுதி அது.

காற்றே நஞ்சாக இருக்கும் நகரத்தில் தனிமனித முன்னுரிமை பற்றிப் பேசுவது அரசின் பொறுப்பை நோயாளியின் தலையில் கட்டுவதாகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அரசும் இதே இலக்கணப் பிழையைத்தான் செய்கிறது. தில்லியின் படிநிலைச் செயல்திட்டம் காற்றுத்தரக் குறியீடு ஒவ்வொரு எல்லையைத் தாண்டும்போதும் ஒவ்வொரு தடையாக விதிக்கிறது. குறியீடு இறங்கியதும் தடை நீங்குகிறது. அங்கும் மாசு 'வருகிறது', 'போகிறது'. நுண்துகளுக்கு இந்தியா வகுத்த ஆண்டுச் சராசரி எல்லை கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலகச் சுகாதார அமைப்பு 2021இல் வகுத்தது 5. தில்லியின் ஆண்டுச் சராசரி இந்திய எல்லையின் இரு மடங்கைத் தொடர்ந்து தாண்டியே நிற்கிறது. அது நவம்பரில் வரும் விருந்தாளி இல்லை, குடியிருப்பவர். அரசு திருந்தும்வரை நுரையீரல் காத்திருக்காது என்பதால்தான் தடுப்பு மருந்து. அதிகாலை நடை என்ற நல்லுரையும் அங்கே குளிர்காலத்தில் செல்லாது. தரையோடு படிந்த குளிர்காற்றில் மாசு அடைபட்டு நிற்கும் நேரம் அது.

பல்கலைக்கழகங்களுக்கு வருவோம். முனைவர் பட்டத்துக்கான 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் அதிகபட்சக் காலத்தை ஆறு ஆண்டுகள் என்கின்றன. பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உடையோருக்கும் இரண்டு ஆண்டுகள் கூடுதல் தளர்வு உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆஸ்துமா இல்லை. ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஆறு வாரங்களை இழக்கும் ஆய்வாளர் ஆறு ஆண்டுகளில் 36 வாரங்களை இழக்கிறார். அந்த இழப்புக்கு விதிமுறைகளில் பெயர் இல்லை. பல துறைகளில் மருத்துவ விடுப்புக்கு உள்நோயாளியாகச் சேர்ந்த சான்று கேட்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரைப் பார்த்து, மருந்தின் அளவைச் சரிசெய்து, மருத்துவமனையில் சேராமலே தப்பித்தவரிடம் காட்டுவதற்கு ஒரு வெளிநோயாளிச் சீட்டு மட்டுமே இருக்கும். அந்தச் சீட்டை விடுப்புக்கான சான்றாக ஏற்க எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. துறைக் குழுவின் ஒரு தீர்மானம் போதும். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அதைச் சேர்க்கும்படி ஆய்வு மாணவர் பேரவைகள் இந்தப் பருவத்திலேயே எழுதிக் கொடுக்கலாம்.