அடியாத மாடும் இழுக்கிற நாயும்

ஆம்பூரிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். கணவருக்கு ஷூ கம்பெனியில் வேலை. வீட்டில் மாமியார், இரண்டு வயதுப் பெண் குழந்தை, இவர்களோடு ஒன்றரை வயது லாப்ரடார் நாய் ஒன்று. குட்டியாக இருந்தபோது காலைச் சுற்றிச் சுற்றி வந்த நாய் இப்போது முப்பது கிலோ இருக்கிறதாம். காலையில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினால் போதும், இவரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடுகிறது. போன மாதம் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த நேரம் பார்த்து ஒரே இழுப்பு! இவர் முழங்கால் சிராய்த்து ரத்தம். குழந்தைக்கு நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான். உள்பக்கம் முள் வைத்த இரும்புப் பட்டை ஒன்றை வாங்கிவிட வேண்டும் என்று கணவர் செல்போனில் பார்த்து வைத்திருக்கிறார். மாமியாரோ, "அடியாத மாடு படியாது, வாங்கிப் போடு" என்கிறார். "அதற்கும் அடங்காவிட்டால் நாயை யாருக்காவது கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. முள் பட்டை வாங்கலாமா, கூடாதா? பளிச்சென்று சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்.

பளிச்சென்றே சொல்கிறேன். வேண்டாம். அதுவும் கைக்குழந்தையும் சிறு பிள்ளைகளும் உள்ள வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். ஏன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

முதலில் நாய் ஏன் இழுக்கிறது? நமக்கு அடங்காத திமிரினால் இல்லை. நாம் நடக்கும் நடை அதற்கு ஆமை வேகம். நமக்குக் கண் எப்படியோ, அதற்கு மூக்கு அப்படி. அதிலும் நம் பக்கத்து ஊர்களைக் கேட்க வேண்டுமா? ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்று எங்கே போனாலும் பச்சைத் தோல் வாசனை. ஆம்பூரில் அதோடு பிரியாணி வாசனையும் சேர்ந்துகொள்கிறது. மனுஷர்களுக்கே கால் அந்தப் பக்கம் திரும்பும்போது நாயைச் சொல்லிக் குற்றமில்லை.

அது இழுக்கிறது, நாம் பின்னாலேயே ஓடுகிறோம். நாய்க்கு என்ன புரியும்? "இழுத்தால் போக வேண்டிய இடத்துக்குப் போகலாம்" என்றுதான் புரியும். கடைத்தெருவில் மிட்டாய்க்கு அழும் குழந்தைக்கு, அழுத கையோடு மிட்டாய் வாங்கிக் கொடுத்தால் மறுநாள் என்ன செய்யும்? அதே கதைதான். ஆக, தினமும் அரை மணி நேரம் நாய்க்கு இழுக்கக் கற்றுக்கொடுப்பவர்கள் நாமேதான்!

இப்போது பட்டைகளைப் பார்ப்போம். பழக்கும் பட்டை என்ற பெயரில் கடையில் கிடைப்பவை முக்கியமாக மூன்று. ஒன்று, இழுத்தால் கழுத்தை இறுக்கும் சுருக்குச் சங்கிலி. இரண்டாவது, உள்பக்கமாக முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும் முள் பட்டை. மூன்றாவது, கையிலிருக்கும் பொத்தானை அழுத்தினால் ஷாக் கொடுக்கும் மின்சாரப் பட்டை.

சுருக்குச் சங்கிலிக்கு ஒரு காலத்தில் ஏகப்பட்ட மவுசு. 1980-இல் பிரிட்டனில் பிபிசி தொலைக்காட்சியில் பார்பரா வுட்ஹவுஸ் என்ற அம்மையார் நாய் பழக்கும் நிகழ்ச்சி நடத்தி வீட்டுக்கு வீடு பிரபலமானார். அவர் உபயோகித்ததும் இந்தச் சங்கிலியைத்தான். அன்றைக்கு அதுவே முறை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு எவ்வளவோ ஆராய்ந்து பார்த்துவிட்டார்கள். வேல்ஸ் நாட்டில் 2010-லேயே மின்சாரப் பட்டைக்குத் தடை போட்டார்கள்.

கழுத்தில் என்னதான் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நமக்கு இருப்பது போலவே மூச்சுக்குழாய், உணவுக்குழாய், தைராய்டு சுரப்பி, பெரிய ரத்தக் குழாய்கள் எல்லாம் அங்கேதான். "நாய்க்குத் தோல் தடிமன், உறைக்காது" என்று சிலர் சொல்வார்கள். மயிர் அடர்த்தியைப் பார்த்து ஏமாறுகிறோம். நாயின் மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியது. 2006-இல் அமெரிக்காவில் கால்நடை மருத்துவர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கழுத்துப் பட்டையோடு நாய் முன்னே இழுக்கும்போது அதன் கண்ணுக்குள் அழுத்தம் ஏறியது. மார்பைச் சுற்றிப் போடும் பட்டையில் அப்படி ஏறவில்லை. 2020-இல் பிரிட்டனில் நாட்டிங்ஹாம் டிரென்ட் பல்கலைக்கழகத்தார் செயற்கைக் கழுத்து ஒன்றைச் செய்து, பல வகைப் பட்டைகளை மாட்டி இழுத்துப் பார்த்தார்கள். இழுக்கிற நாய்க்குக் காயம் வராது என்று சொல்லும்படி எந்தக் கழுத்துப் பட்டையும் தேறவில்லை. சாதாரணப் பட்டைக்கே இந்த லட்சணம் என்றால், முள் வைத்ததற்குக் கேட்பானேன்?

ஹட்ச் விளம்பரத்தில் வந்ததே, பக் நாய், அதைப் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சு விடுவதே சிரமம். அவற்றின் கழுத்தில் எந்த இறுக்கமும் ஆகாது.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. தெருவில் ஒரு குழந்தை சைக்கிளில் வருகிறது. நாய் ஆசையாக அதனிடம் ஓடப் பார்க்கிறது. சுருக்கென்று முள் குத்துகிறது. நாம் நினைக்கிறோம், "இழுத்ததால் குத்தியது என்று அதற்குப் புரியும்" என்று. நாய் அப்படி நினைக்க வேண்டுமே! அது பார்த்துக்கொண்டிருந்தது குழந்தையை. "இந்தச் சின்ன உருவம் வந்தால் நமக்கு வலிக்கிறது" என்று அது முடிச்சுப் போட்டுவிடலாம். ஆசையாக ஓடிய நாய் நாளடைவில் குழந்தையைக் கண்டாலே உறுமத் தொடங்கும். இரண்டு வயதுக் குழந்தை உள்ள வீட்டில் இந்தப் பரீட்சை தேவைதானா?

"அப்படியானால் அவிழ்த்துவிட்டே கூட்டிப்போகலாமா?" என்று யாரும் கேட்டுவிடாதீர்கள். 2024 மே மாதம் சென்னை ஆயிரம்விளக்கில் ஒரு பூங்காவில், கட்டாமல் விட்டிருந்த இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறியதை மறந்திருக்க மாட்டீர்கள். வெளியே போனால் வார் அவசியம். எந்த வார், எப்படிப் பிடிப்பது என்பதுதான் கேள்வி.

இழுக்கிறதே என்று நடையை நிறுத்தி வீட்டில் கட்டிப் போடுவதும் சரியில்லை. 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி, நாயை மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பது குற்றம். எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்க விடாமல் இருப்பதும் குற்றம்தான்.

சரி, எதை வாங்கலாம்? கடையில் 'ஹார்னஸ்' என்று கேளுங்கள். மார்பையும் முதுகையும் சுற்றி வரும் பட்டை அது. ஆனால் ஒரு ஜாக்கிரதை. வளையம் முதுகில் மட்டும் இருந்தால் நாய்க்கு இழுக்க இன்னும் சௌகரியமாகப் போய்விடும். ஜட்கா வண்டிக் குதிரைக்கு மார்பில் பட்டை கட்டுவதே நன்றாக இழுக்கத்தானே! ஆகவே மார்புக்கு நேராக முன்பக்கம் வளையம் வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். நாய் இழுத்தால் அதன் உடம்பு பக்கவாட்டில் நம் பக்கம் திரும்பும். வலியில்லை, ஆனால் இழுப்பில் லாபமும் இல்லை.

கழுத்துக்கு ஒரு தோல் பட்டை போதும். முகவரித் தகட்டை மாட்ட உதவும். நாம் இருப்பதோ தோல் ஊர். நல்ல தோலைப் பார்த்து வாங்கக் கற்றுக்கொள்ள வேண்டாமா? ஷூவின் மேல்பாகத்துக்குப் போகும் குரோம் தோல் மெத்தென்று வளையும். ஆவாரம் பட்டை, கடுக்காய் போன்றவற்றால் பதனிட்ட தோல் விறைப்பாக நிற்கும். பெல்ட்டுக்கும் வாருக்கும் அதுதான் பொருத்தம். தோல் வேலையிலேயே தலை நரைத்த பெரியவர் ஒருவரிடம் எங்கள் வீட்டு நாய்க்குப் பட்டை தைக்கச் சொன்னபோது அவர் சொன்னார்: "வயித்துத் தோலு இழுக்க இழுக்க நீண்டுக்கினே போவும்மா. முதுகுத் தோலுதான் நிக்கும்." கையில் எடுத்து இழுத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

பட்டை ஓர் அங்குலத்துக்குக் குறையாத அகலம் இருக்கட்டும். பெரிய நாய்க்கு ஒன்றரை அங்குலம் நல்லது. மாட்டிய பிறகு பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். குட்டி வளர்கிறது என்பதை மறந்து, பட்டை சதையில் பதிந்து புண்ணாகிப் புழு வைத்த கதைகள் உண்டு. வாரம் ஒரு முறை இரண்டு விரலை விட்டுப் பாருங்கள். அப்படியே உண்ணி இருக்கிறதா என்றும் தடவிப் பார்த்துவிடலாம். சிப்பிப்பாறை, கன்னி மாதிரி தலை சிறுத்த நாய்களுக்குச் சாதாரணப் பட்டை தலை வழியாக நழுவிவிடும். அவற்றுக்கு ஓர் அளவோடு மட்டும் இறுகி நிற்கும் மார்ட்டிங்கேல் என்ற துணிப்பட்டை உண்டு. முழுக்க இறுகும் சுருக்குச் சங்கிலி வேறு, இது வேறு.

எந்தப் பட்டையும் பழக்காது. பழக்குவது நம் கைதான். அதற்கு வழி இதோ:

முதல் மூன்று நாள் வீட்டுக்குள்ளேயே அல்லது மொட்டை மாடியில், ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம். உப்பு காரம் போடாமல் வேகவைத்த கோழிக்கறியை எலும்பில்லாமல் பொட்டுக்கடலை அளவுக்குப் பிய்த்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தொடைப் பக்கம் நாய் நடந்தால், அங்கேயே கையைத் தாழ்த்தி ஒரு துண்டு கொடுங்கள். முதலில் ஓர் அடிக்கு ஒன்று, பிறகு மூன்று அடிக்கு, பிறகு பத்து அடிக்கு. தின்ற கறிக்கு ஏற்றபடி ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்துவிடுங்கள்.

நாலாம் நாள் தெருவுக்கு. நாய் இழுத்து வார் விறைத்த உடனே மரம் மாதிரி நின்றுவிடுங்கள். திட்டாதீர்கள், வெடுக்கென்று பின்னால் இழுக்கவும் வேண்டாம். அது திரும்பிப் பார்த்தோ, ஓர் அடி பின்னால் வந்தோ, வார் தொய்ந்ததும், "சபாஷ்" என்று சொல்லி நடங்கள். மறுபடி இழுத்தால் மறுபடி மரம். முதல் நாள் தெருமுனைக்குப் போகவே கால் மணி நேரம் ஆகும். எதிர்வீட்டு அம்மாள், "இன்னாமா, நாய் உன்னைக் கூட்டிக்கினு போவுதா, நீ நாயைக் கூட்டிக்கினு போறியா?" என்று கேட்கத்தான் கேட்பார். கேட்டுவிட்டுப் போகட்டும்.

நடுநடுவே, "போ, மோந்து பார்" என்று அதற்கும் இரண்டு நிமிஷம் சுதந்திரம் கொடுங்கள். அந்த மோப்பம்தான் அதற்குச் செய்தித்தாள். ஒழுங்காக நடந்ததற்கு அதுவே பரிசாகவும் ஆகிவிடும். கிளம்புமுன் வாசலில் பந்து போட்டு ஐந்து நிமிஷம் ஓடவிட்டால் பாதி வேகம் அங்கேயே அடங்கும்.

முக்கியமான விஷயம், வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். காலையில் நீங்கள் மரமாக நின்று, மாலையில் கணவர் பின்னாலேயே ஓடினால் காலையில் பட்ட பாடெல்லாம் வீண்.

இன்னும் சில எச்சரிக்கைகள். பழகி முடியும்வரை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நாயோடு நடக்காதீர்கள். வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளவோ, குழந்தை வண்டியில் கட்டவோ கூடாது. சிறு பிள்ளைகள் கையில் கொடுக்கவும் கூடாது. தோல் ஷாப்புகளின் கழிவு கிடக்கும் பக்கம் போக வேண்டாம். சுரண்டி எறிந்த சதையில் சுண்ணாம்பும் ரசாயனமும் கலந்திருக்கும். பிரியாணி எச்சிலையையும் தொடவிடாதீர்கள். வெங்காயம் நாய்க்கு விஷம். வெந்த எலும்பு பிளந்து குடலைக் குத்தும். கத்திரி வெயிலில் தார் ரோட்டில் புறங்கையை ஏழு விநாடி வையுங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. விடிகாலையிலோ, இருட்டிய பிறகு தரை ஆறியதும்தானோ போங்கள். நடக்கும்போது நாய்க்குத் தொடர்ந்து இருமல், ஓங்கரிப்பு வந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

ஆம்பூர்ச் சகோதரிக்கு ஒரு வார்த்தை. ஒன்றரை வயது என்பது நாய்க்கு விடலைப் பருவம். அந்த வயதில் நம் வீட்டுப் பையன்கள் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கிறார்களா? நாயைக் கொடுத்துவிடும் பேச்சை ஆறு வாரத்துக்கு ஒத்திப்போடச் சொல்லுங்கள். முள் பட்டைக்கு ஆகும் பணத்தில் ஒரு ஹார்னஸும் ஒரு கிலோ கோழியும் வாங்கச் சொல்லுங்கள். மாமியார் மறுபடியும் அடியாத மாட்டைப் பற்றிச் சொன்னால், "அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று நீங்கள்தானே அத்தை சொல்வீர்கள், நான் ஓர் ஓர் அடியாகத்தான் நகர்த்திக்கொண்டிருக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, வாரை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.