பன்னிரண்டு மணி நேரம்

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் ஆட்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆர்.எச்.நாதன் முன்னின்ற போராட்டம் அது. சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, கள்ளுக்கடைகளை மூடுவது, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கத் தேவையில்லை என்கிற உரிமை: இவற்றை இன்றும் பேசுகிறோம். அதே பட்டியலில் இருந்த இன்னொன்றை யாரும் பேசுவதில்லை. பத்து, பன்னிரண்டு மணி நேர வேலையை ஒழிக்க வேண்டும் என்றும் அவர்கள் கேட்டார்கள். விடியும் முன்னே பெரட்டுக்குப் போய் நின்றவர்கள் கேட்ட ஓய்வு அது. மே மாதம் நாதன் கைதானார். பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள்.

எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியில் காவல் வேலை செய்யும் ஜாகா அண்ணன் அதே கிள்ளானிலிருந்து தினமும் வருகிறார். காலை ஏழிலிருந்து இரவு ஏழு வரை ஷிப்ட். கொமுட்டர் பிடிக்க இருட்டிலேயே கிளம்ப வேண்டும்; திரும்பிப் போய்ச் சேர எட்டரை, ஒன்பது. குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால் அன்றைய பொழுது அவ்வளவுதான். "பேத்தி தூங்கும்போதுதாங்க அதைப் பார்க்கிறேன்" என்றார் ஒருநாள், கார் எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டே.

சட்டம் அவருக்கு எதிராக இல்லை. 2023 ஜனவரி முதல் வார வேலை நேரம் 48-இலிருந்து 45 மணியாகக் குறைந்திருக்கிறது. வாரத்தில் ஒருநாள் முழு ஓய்வு கட்டாயம். ஆனால் அதே சட்டத்தின் கீழ் மாதம் 104 மணி நேரம் வரை ஓவர்டைம் செய்யலாம். 104-ஐ மாதத்தின் 26 வேலைநாளால் வகுத்தால் நாளுக்கு நாலு மணி. சாதாரண வேலைநாளின் எட்டு மணியோடு அந்த நாலும் சேர்ந்தால் பன்னிரண்டு! கிள்ளான் தோட்டத்தார் ஒழிக்கச் சொன்ன அதே நீளம்.

அவர் ஏன் மறுக்கவில்லை என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கட்டும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதை 26 நாளாலும் நாளுக்கு எட்டு மணியாலும் வகுத்தால் மணிக்கு 8 வெள்ளி 17 காசு. ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு, 12 வெள்ளி 26 காசு. 104 மணிக்கு 1,275 வெள்ளி வருகிறது. வீட்டு வாடகையும் மோட்டார் தவணையும் அந்தப் பணத்தில்தான் ஓடுகின்றன. அவரிடம் போய், கொஞ்சம் ஓய்வெடுங்கள் அண்ணே என்று சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை.

உடம்புக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல் என்று 2021-இல் உலக சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து சொல்லின. வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்ட கணக்கு அது. நம் ஜாகா அண்ணன்களும் கிள்ளான் துறைமுக லாரி ஓட்டுநர்களும் அந்த 55-ஐ வியாழக்கிழமையோ வெள்ளிக்கிழமையோ தாண்டிவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன; மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் அறிவித்தார். அங்கே பத்தே நாளில் அது முடிந்துபோனது. இங்கே நமக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை பழகிப்போன விஷயமாகிவிட்டது. அதுதான் எனக்கு வலிக்கிறது.

ஷிப்டை மட்டும் குறைத்தால் அவர் வயிற்றில் அடித்தது போலாகும். எட்டு மணி நேர வேலைக்கே குடும்பம் நடத்துகிற சம்பளம் வேண்டும். அதைத் தீர்மானிப்பதில் நமக்கும் பங்கு இருக்கிறது. காவல் ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போடுவது நம் நிர்வாகக் குழு. பணம் நம் பராமரிப்புக் கட்டணம். அடுக்குமாடியில் குடியிருக்கும் வாசகர்களே, அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். சம்பளம் குறையாமல் மூன்று ஷிப்ட் வேண்டும் என்று எழுந்து நின்று கேளுங்கள். கட்டணம் கொஞ்சம் ஏறும். ஏறட்டும், கட்டுவோம்.