பலகாரப் பெட்டியும் பெயர்க் குழப்பமும்

இடைவேளைக்குப் பிள்ளையின் உணவுப் பெட்டியில் ஒரு பிடி கச்சானை வைப்பதற்கும் விதி உண்டோ என வினவுவோர் நம்மவருள் இன்றும் உளர். திருவிழா என்றதுமே கச்சான் கடையை நினைக்கும் நமக்கு அவ்வினா எழுதல் இயல்பே. ஆயினும், கனடா நாட்டிலே பிள்ளைகளின் வீட்டில் தங்கிப் பேரப்பிள்ளைகளுக்கு உணவு கட்டிக் கொடுக்கும் நம் பாட்டிமார் எத்தனை பேர்! இங்கிருந்து பொதி பொதியாய் அங்கே செல்லும் பலகாரங்கள் எத்தனை! ஆதலின் அந்நாட்டுப் பாடசாலைகளின் உணவு விதிகளை நாமும் அறிந்திருத்தல் அவசியம்.

ரொறன்ரோ நகரைத் தன்னகத்தே கொண்ட ஒன்ராறியோ மாகாணத்தில், 2003ஆம் ஆண்டு, சப்ரினா ஷனன் என்னும் 13 வயது மாணவி, பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் உருளைக்கிழங்குப் பொரியலை வாங்கி உண்டாள். பொரியலிற் பாற்பொருள் சிறிது ஒட்டியிருந்தது. பால் அவள் தேகத்துக்கு ஒவ்வாதது. அவள் உயிர் பிழைக்கவில்லை. அவள் பெயரால் இயற்றப்பட்ட சட்டம் 2006 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம் எவ்வுணவையும் பெயர் சுட்டித் தடுக்கவில்லை. ஆபத்தைக் குறைக்கும் வழிகளை வகுக்குமாறு பாடசாலைச் சபைகளைப் பணித்தது. கச்சானையும், மரமுந்திரிகை, பாதாம் முதலிய கொட்டைகளையும் கொண்டுவரலாகாது எனப் பல பாடசாலைகள் தாமே விதித்துள்ளன.

ஒவ்வாமை என்பது நாவின் வெறுப்பன்று. செல்லப் பிள்ளையின் பிடிவாதமுமன்று. உணவிலுள்ள புரதத்தைப் பகையென எண்ணி உடலே போர் தொடுத்தலாகும். தொண்டை வீங்கி மூச்சடைக்கலாம். இரத்த அழுத்தம் விழலாம். அவ்வேளையில் அதிரினலின் ஊசியைத் தொடையில் உடனே ஏற்றி, வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். வறுத்தாலும் கச்சானின் தீங்கு நீங்குவதில்லை.

இனி, விதியை அறிந்தோரும் இடறும் இடம் ஒன்றுண்டு. அதுவே பெயர்க் குழப்பம். நாம் கடலை என்பது கொண்டைக்கடலையை. தமிழகத்தாரோ கச்சானையும் கடலை என வழங்குவர். அவர்களுடைய கடலை மிட்டாய் கச்சானாற் செய்வது. கடலை எண்ணெயும் கச்சானிற் பிழிவதே. கடலை மாவோ கொண்டைக்கடலையின் மா. இருநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளும் ஒரே வகுப்பிலிருந்தால், 'இது கடலைதான்' என்னும் ஒரு சொல் எத்துணை ஆபத்தைத் தரும்!

கச்சானைக் கொட்டையெனப் பலர் கொள்ளினும், தாவரவியலார் அதனைப் பயற்றினத்தோடு சேர்ப்பர். கச்சான் ஒவ்வாத பிள்ளைக்கு மரமுந்திரிகை ஒத்துக்கொள்ளவும் கூடும், ஒவ்வாதிருக்கவும் கூடும். ஒவ்வொன்றையும் தனித்தனியே கேட்டறிதல் நன்று. தேங்காயைக் கனடிய விதி மரக்கொட்டையாகக் கணிப்பதில்லை. ஆனால் எள்ளும் கடுகும் அங்கே கட்டாயமாகக் குறிப்பிட வேண்டியவை. எண்ணெய் என்னும் சொல்லே எள்ளும் நெய்யும் சேர்ந்து பிறந்ததென்பதை மாணாக்கர் அறிவர். அங்ஙனமிருந்தும், நல்லெண்ணெய்ப் போத்தலில் 'ஜிஞ்சலி' என்று மட்டும் ஆங்கிலத்தில் எழுதியிருப்பின், அது எள்ளென ரொறன்ரோ ஆசிரியைக்கு எவ்வாறு விளங்கும்?

2012 ஆகஸ்ட் முதல், பொதிசெய்த உணவிற் சேர்ந்த இத்தகைய பொருள்களை யாவரும் அறிந்த பெயராற் குறிக்க வேண்டுமென்பது கனடாவின் விதி. சுட்டுத்துண்டில் 'கொண்டுள்ளது' என்றிருப்பின் அப்பொருள் உணவிற் சேர்க்கப்பட்டதாகும். 'கொண்டிருக்கலாம்' என்பது வேறு. ஒரே யந்திரத்தில் இரு பண்டங்கள் செய்யப்படுவதால் கலப்பு நேரலாம் என்னும் எச்சரிக்கை அது. இவ்வெச்சரிக்கையை எழுதுதல் உற்பத்தியாளரின் விருப்பத்தைப் பொறுத்தது. ஆகவே அவ்வரி இல்லை என்பதனாலேயே கலப்பு இல்லை என்று துணிதல் கூடாது. செய்முறையும் மாறக்கூடும், சென்ற மாதம் வாங்கிய அதே பிஸ்கற்றேயாயினும் இம்மாதமும் வாசித்தே வாங்குக.

வீட்டுப் பலகாரத்துக்கோ சுட்டுத்துண்டே இல்லை. முறுக்கில் எள் இருக்கும். மிக்சரிற் கச்சான் இருக்கும். கச்சான் அரைத்த கிரைண்டரிலே பயற்றை அரைத்தால் பயற்றம் பணியாரமும் ஐயத்துக்குரியதே. ஆதலால் பொதி அனுப்பும் அன்னையரே, சேர்த்த பொருள்களையும் பொரித்த எண்ணெயையும் ஒரு துண்டில் எழுதி உள்ளே வையுங்கள். 'பீநட்', 'கஷூ', 'செசமி' என்னும் ஆங்கிலப் பெயர்களாலே எழுதினால் அங்குள்ளோர்க்கு ஐயம் எழாது. பாடசாலைப் பெட்டிக்கு வாழைப்பழமோ அப்பிள் துண்டோ போதும். பலகாரத்தை மாலையில் வீட்டில் உண்ணலாம்.

நம்மை வருத்தும் செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. பகுத்துண்ணுதலே அறமென்று நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றோம். அங்கோ உணவைப் பகிராதே என ஆசிரியர் கற்பிக்கின்றனர். பாட்டி சொன்னதைப் பேரன் மீறுவதா, ஆசிரியர் சொன்னதை மீறுவதா? இரண்டுக்கும் பகையில்லை என்பதை நாமே அவனுக்கு விளக்குதல் வேண்டும். பகிர்தலின் நோக்கம் மற்றவன் நலம். தோழனுக்கு எது ஒவ்வாதென அறிந்து, அதனைத் தன் பெட்டியில் எடுத்துச் செல்லாதிருக்கும் சிறுவன் அந்நலத்தையே காக்கின்றான். உணவுக்குப் பதிலாக விளையாட்டையும் புத்தகத்தையும் அவன் பகிர்ந்து கொள்ளட்டும். அடுத்த வீட்டுப் பிள்ளையும் மாலையில் தன் தாயிடம் நலமே திரும்ப வேண்டும். அதனை மனத்திற் கொண்டே நம் கை பலகாரப் பெட்டியை மூடுக.