"ஒரு கையெழுத்துப் போடும்மா!"

மாற்றுத்திறன் மாணவருக்கென்று தனியாக எழுதும் கல்வித் திட்டத்தை நடு ஆண்டில் திருத்த வேண்டியிருந்தால்? பெற்றோரும் பள்ளியும் சம்மதித்தால், கூட்டம் கூடாமலே எழுத்து மூலம் திருத்தலாம் என்கிறது அமெரிக்காவின் 2004 சட்டம்.

நம்ம மணியாச்சி, கோவில்பட்டிப் பக்கத்துக்கும் இது தோதுதான். பருத்தி எடுக்கவோ தீப்பெட்டி ஆபீசுக்கோ போகிற அம்மா, கூட்டத்துக்கு வந்தால் அன்னிக்குக் கூலி போச்சு!

ஆனால் வாசிக்காமல் வாங்கும் கையெழுத்து சம்மதமா? படிப்பு வாசனையே இல்லாத வீட்டிலிருந்து முதலில் வந்தவன் கேட்கிறேன். தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் — இவை நம் 2016 உரிமைச் சட்டம் சொல்பவை. திட்டத்தில் ஒரு வரியை அடித்தால், பிள்ளை தேர்வறையில் தவித்து நிற்கும்.

என்ன மாறுது, ஏன் மாறுதுன்னு தமிழில் வாசித்துக் காட்டணும். நகல் ஒன்று அம்மா கையில் தரணும். கூட்டம் இல்லாமல் போகட்டும். பெற்றவளைக் கேட்காமல் போகலாமா?